வியப்பு வற்றாமல் இருக்க: வைகை அணைக் கரையிலிருந்து சில வீட்டுக் குறிப்புகள்

வைகை அணையைப் பார்க்க வெளியூர்க்காரர்கள் வேன் பிடித்து வருகிறார்கள். பக்கத்திலேயே குடியிருக்கும் எனக்கு அது பல வருஷமாக வெறும் பஸ் ஸ்டாப் பெயர். தினமும் பார்ப்பது கண்ணில் பட்டாலும் மனசில் ஒட்டாமல் போய்விடுகிறது. பேத்தி வந்து கேள்வி கேட்க ஆரம்பித்த பிறகு நானும் மறுபடி பார்க்கத் தொடங்கினேன். கீழே உள்ளவை எல்லாம் அடுப்படி வேலைக்கு நடுவிலேயே, காசு செலவில்லாமல் செய்யக்கூடியவை.

1. குடம் நிறையும் நேரத்தில் தண்ணீரின் கதையைச் சொல்லுங்கள். எங்கள் பக்கம் கதைக்குப் பஞ்சமே இல்லை. ஒருநாள் பேத்தி குழாயடியில் நின்று கேட்டாள்:

"அம்மாச்சி, கேரளாத் தண்ணி மலையை எப்படித் தாண்டி வந்துச்சு?"

"தாண்டலை த்தா. மலைக்குள்ள புகுந்து வந்துச்சு."

அந்தக் கதையைச் சொல்லி முடிப்பதற்குள் அன்று சோறு வடிக்க நேரமாகிவிட்டது. மேற்கே ஓடி அரபிக்கடலில் கலந்துகொண்டிருந்த ஆறு பெரியாறு. பொறியாளர் பென்னிகுக் அதன் குறுக்கே அணை கட்டி, தேக்கடியில் மலையைக் குடைந்து, தண்ணீரைக் கிழக்கே திருப்பினார். 1895-இல் அந்த வேலை முடிந்தது. 1876 முதல் 1878 வரை தாது வருஷப் பஞ்சத்தில் ஜனங்கள் கொத்துக் கொத்தாகச் செத்த பிறகு, தள்ளிப்போய்க்கொண்டே இருந்த திட்டத்துக்கு உயிர் வந்தது. அந்தத் தண்ணீர் லோயர் கேம்ப்பில் ராட்சதக் குழாய்களில் இறங்கி மின்சாரம் கொடுக்கிறது. கம்பம் பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கர் இருபோக நெல்லுக்குப் பாய்கிறது. வருசநாட்டு மலையிலிருந்து வரும் மூல வைகையோடு சேர்ந்து அணைக்கு வருகிறது. அதற்குப் பிறகுதான் என் குடத்துக்கு. இதை ஒரு தடவை சொல்லிவிட்டால் பிள்ளைகள் குழாயைத் திறந்து போட்டுவிட்டு விளையாடப் போக மாட்டார்கள். விருந்தாளிக்குச் செம்பில் தண்ணீர் கொடுக்கும்போது எனக்கே இப்போது கை ஒரு நொடி நிற்கிறது.

2. தினசரி காலண்டரில் கிழிக்கும் தாளை வீணாக்காதீர்கள். அதன் பின்பக்கம் அன்றைய அணை நீர்மட்டத்தைப் பிள்ளைகளை விட்டே எழுதச் சொல்லுங்கள். பேப்பரில் நாள் தவறாமல் வருகிறது. வைகை அணையின் முழு நீர்மட்டம் 71 அடி. ஒரு நெட்டைத் தென்னையைக் காட்டினால் பிள்ளைக்குப் புரிந்துவிடும். 66 அடியில் முதல் வெள்ள எச்சரிக்கை, 68.5-இல் இரண்டாவது, 69-இல் மூன்றாவது. எண் ஏற ஏற வீட்டில் யார் முதலில் பேப்பரை எடுப்பது என்று சண்டை வரும். உங்கள் ஊரில் அணை இல்லையென்றால் கிணற்றில் எத்தனை உறை தெரிகிறது என்று எழுதலாம், மொட்டை மாடியில் ஒரு டப்பாவை வைத்து மழையை அளக்கலாம். எதை எழுதுகிறோம் என்பதைவிட, நாள் விடாமல் எழுதுவதுதான் முக்கியம்.

3. அணை மீன் வாங்கினால் ஒரு செதிலை எடுத்து வையுங்கள். கல் உப்பைப் பூசி, வாலிலிருந்து தலைப் பக்கமாகச் சுரண்டினால் செதில் சுலபமாக வந்துவிடும், கையும் வழுக்காது. கட்லாவின் பெரிய செதில் ஒன்றைக் கழுவி, துணியில் ஒற்றி, ஜன்னல் வெளிச்சத்தில் பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். கண்ணாடி போல மெல்லிசாக இருக்கும் அந்தத் துண்டுக்குள் மயிரிழை மயிரிழையாக வளையங்கள், ஒன்றுக்குள் ஒன்றாக. மீன் வளர வளரச் செதிலும் வளையம் வளையமாக வளர்கிறது. கோடுகள் நெருங்கியிருக்கும் இடம் மெதுவாக வளர்ந்த காலம், அகன்றிருக்கும் இடம் நன்றாகத் தின்று கொழுத்த காலம். முதல் தடவை பார்த்த அன்று குழம்பு கொதித்து அடுப்பில் வழிந்தது. எனக்கு வருத்தமே இல்லை. கையில் மீன் வாடை போகப் புளிக் கரைசலால் தேய்த்துக் கழுவுங்கள்.

4. ஏலக்காயை உரிக்கும்போது உள்ளே பாருங்கள். மூன்று அறை, அறைக்குள் ஒட்டி அடுக்கிய விதைகள். போடி சந்தைக்கு வரும் இந்தக் காய், செடியின் உச்சியில் காய்ப்பதில்லை. தூரில், மண்ணை ஒட்டிப் படரும் பூங்கொத்தில் காய்க்கிறது. விடியும் முன்னே ஜீப்பில் ஏறி மலைத் தோட்டத்துக்குப் போகிற நம் ஊர்ப் பெண்கள் குனிந்து குனிந்து பறித்தது அது. பாயசத்தில் ஒரு காய் போடும்போது அவர்கள் இடுப்பு வலியையும் நினையுங்கள். தோலைத் தூக்கி எறியாமல் டீத்தூள் டப்பாவில் போட்டுவைத்தால் வாசம் வாரக்கணக்கில் நிற்கும்.

5. மாடியில் துணி எடுக்கப் போகிற நேரத்தில், சூரியன் மேற்கு மலையில் எந்த முகட்டுக்குப் பின்னால் இறங்கியது என்று கவனியுங்கள். கைப்பிடிச் சுவரில் சாக்பீஸால் ஒரு கோடு போடுங்கள். வாரம் ஒரு கோடு போதும். எப்போதும் ஒரே இடத்தில் நின்று போடுங்கள். ஆனியில் வடக்கே ஒதுங்கி, மார்கழியில் தெற்கே போய், தை பிறக்கும்போது திரும்பி வந்துகொண்டிருப்பது கோடுகளில் தெரியும். உத்தராயணம், தட்சிணாயனம் என்று பஞ்சாங்கத்தில் படித்தது நம் வீட்டுச் சுவரில் நிற்கும்.

எங்களுக்கு வடக்கே தெரிகிற கொடைக்கானல் மலையில் 1899-இல் தொடங்கிய சூரிய ஆய்வகம் இருக்கிறது. அதற்கும் பஞ்சம் தந்த பாடம் ஒரு காரணம். சூரியனைப் படித்தால் பருவமழையின் போக்கு பிடிபடுமா என்று பார்க்க நினைத்தார்கள். 1909-இல் எவர்ஷெட் என்ற விஞ்ஞானி அங்கேதான் சூரியப் புள்ளிகளிலிருந்து வாயு வெளிப்புறமாக ஓடுவதைக் கண்டுபிடித்தார். மேகம் விலகுகிற நாளெல்லாம் அதே சூரியனை நூறு வருஷத்துக்கு மேலாகப் படம் பிடித்து வைத்திருக்கிறார்கள். என் சாக்பீஸ் கோடுகளுக்கு அவர்கள்தான் தைரியம்.

பிள்ளைகளைச் சூரியனை நேராகப் பார்க்க மட்டும் விடாதீர்கள். மரத்தடி நிழலில் விழும் வட்ட வட்ட வெளிச்சத்தைக் காட்டுங்கள். ஒவ்வொன்றும் சூரியனின் உருவம். 2019 டிசம்பர் 26 கிரகணத்தன்று எங்கள் முற்றத்து வேப்பமரத்தடி முழுக்கப் பிறை பிறையாகக் கொட்டிக் கிடந்தது. மரம் இல்லாத வீட்டில் சல்லடையைப் பிடித்தாலே போதும்.

6. ஆடிக் காற்றில் துணிக்கு இரட்டை கிளிப் போடுங்கள். கொடியில் துணி எந்தத் திசைக்குப் பறக்கிறது என்றும் பாருங்கள். மலைக்கு அந்தப் பக்கம் மழையைக் கொட்டிவிட்டு வந்த காற்று அது. நமக்குக் கிடைப்பது மிச்சச் சாரல்.

7. கரண்ட் போனால் உடனே போனை எடுக்காதீர்கள். மெழுகுவர்த்தியைக் கொஞ்சம் தாமதமாகவே ஏற்றுங்கள். அந்த இருட்டில் சொல்ல ஒரு கதை இருக்கிறது. போடி மேற்கு மலையைக் குடைந்து நியூட்ரினோ என்ற நுண்துகளைப் படிக்கத் திட்டம் போட்டதும், மலையும் தண்ணீரும் என்னாகும் என்று ஊர்க்காரர்கள் எதிர்த்ததும் இங்கே எல்லோருக்கும் தெரியும். சூரியனிலிருந்து வரும் அந்தத் துகள்கள் நம் சுண்டுவிரல் நகம் அளவு இடத்தை ஒரு நொடியில் சுமார் 6,500 கோடி எண்ணிக்கையில் ஊடுருவிப் போகின்றன. சூரியன் பூமிக்கு அந்தப் பக்கம் இருக்கும் ராத்திரியிலும் பூமியையே துளைத்துக்கொண்டு வந்து போகின்றன. இருட்டில் இதைச் சொன்னால் பிள்ளைகள் தங்கள் விரலைத் தாங்களே தடவிப் பார்ப்பார்கள்.

8. தெரியாத கேள்விக்கு உடனே பதில் தேட வேண்டாம். காலண்டர் தாளில் நீர்மட்டத்துக்குக் கீழே அதையும் எழுதி, பழைய பிஸ்கட் டின்னில் போட்டு வையுங்கள். அடுத்த வருஷம் அதே தேதியில் திறந்து பாருங்கள். போன வாரம் நாங்கள் திறந்தோம். பேத்தியின் கோணல் கையெழுத்தில் ஒரு தாள் இருந்தது: "மழை வரப்போகுதுன்னு தவளைக்கு யார் சொன்னா?" அதை எழுதியதே அவளுக்கு மறந்துவிட்டது. படித்துவிட்டு, செருப்பைக்கூடப் போடாமல் வாய்க்கால் பக்கம் ஓடினாள்.