தீக்குச்சி கற்பிக்கும் பாடம்

அடுப்பை மூட்டவும் விளக்கை ஏற்றவும் நாம் தீக்குச்சியைப் பயன்படுத்துகின்றோம். அது மிகச் சிறிய பொருள். ஆயினும், அதனைச் செய்தோர் ஒரு காலத்தில் உற்ற துன்பம் சிறிதன்று. அத்துன்பம் நீங்கிய வரலாறு, தொழிலாளர் உடல்நலத்தைக் காக்கும் கடமை அரசுக்கு ஏன் உரியது என்பதைத் தெளிவாக உணர்த்தும்.

1830ஆம் ஆண்டையொட்டி ஐரோப்பாவில் வெண்பாஸ்பரஸ் என்னும் பொருளைக் கொண்டு தீக்குச்சி செய்யத் தொடங்கினர். அக்குச்சி எங்கு உரசினும் பற்றும், விலையும் மலிவு. ஆனால், வெண்பாஸ்பரஸ் கொடிய நஞ்சாகும். ஆலையில் அதன் ஆவியை நெடுநாள் சுவாசித்தோர்க்கு முதலில் பல்வலி தோன்றும். பின்னர்த் தாடை வீங்கிச் சீழ்கொள்ளும். இறுதியில் தாடையெலும்பே அழியும். எலும்பை அறுத்தெடுத்த பின்னரே உயிர் பிழைத்தோர் பலர், மாண்டோரும் பலர்.

1888ஆம் ஆண்டில் இலண்டன் மாநகரத் தீப்பெட்டி ஆலையொன்றில் ஏறத்தாழ 1,400 பெண்களும் சிறுமியரும் வேலைநிறுத்தம் செய்தனர். அவர்தம் குறைகளை எழுதி உலகறியச் செய்தவர், பின்னாளில் சென்னை அடையாற்றில் வாழ்ந்த அன்னி பெசன்ட் அம்மையார் ஆவார். குறைந்த கூலியும் தண்டத்தொகையும் அப்பெண்களை வருத்தின. வேலை செய்யும் இடத்திலேயே உண்டமையால் உணவிலும் நஞ்சு கலந்தது. உண்பதற்குத் தனியிடம் வேண்டும் என்று கேட்டு, அதனைப் பெற்றனர். எனினும், ஆலையில் வெண்பாஸ்பரஸ் ஒழியவில்லை.

அதற்கு மாற்றுப்பொருள் இல்லாமற் போகவில்லை. பெட்டியின் பக்கத்தில் செம்பாஸ்பரஸைத் தடவி, தீங்கற்ற தீக்குச்சி செய்யும் முறையை 1850களிலேயே சுவீடன் நாட்டார் கையாண்டனர். 1891இல் இரட்சணிய சேனையார் இலண்டனில் அத்தகைய ஆலையொன்றை நிறுவி, கூலியும் மிகுதியாக அளித்தனர். ஆனால், மக்கள் விலை மலிந்த குச்சியையே நாடினர். பத்தாண்டளவில் அம்முயற்சி நின்றது. நல்வழியில் நடப்பவர் நட்டமடைய, தீயவழியில் நடப்பவர் ஊதியம் பெறும் நிலையில், அறிவும் இரக்கமும் மட்டும் போதா. அனைவரையும் ஒருங்கே கட்டுப்படுத்தும் சட்டமே வேண்டும்.

அச்சட்டம் மெல்ல மெல்ல வந்தது. பின்லாந்து 1872இல் வெண்பாஸ்பரஸ் குச்சியைத் தடுத்தது. 1906இல் சுவிட்சர்லாந்திலுள்ள பெர்ன் நகரில் நாடுகள் சில கூடி உடன்படிக்கை செய்தன. பிரிட்டன் 1908இல் சட்டம் இயற்றியது. இந்தியாவில் 1913ஆம் ஆண்டுச் சட்டம் அக்குச்சியைச் செய்தலையும் விற்றலையும் இறக்குமதி செய்தலையும் தடுத்தது. ஆதலால், 1923இல் சிவகாசியில் தீப்பெட்டித் தொழில் தோன்றியபோது, அந்நஞ்சுக்கு அங்கே இடமில்லாமற் போயிற்று.

எனினும், சட்டம் ஏட்டில் இருந்தால் மட்டும் போதாது. சிவகாசியை அடுத்த முதலிப்பட்டியில் 2012இல் பட்டாசு ஆலை வெடித்து முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். வேலியிட்ட உழவன் அதனை நாள்தோறும் பார்த்துவருதல் போல, சட்டம் செய்த அரசு அதனை இடையறாது காத்தல் வேண்டும். ஆலை உடையோரும் தொழிலாளரும் அதனை வழுவாது போற்றுதல் வேண்டும். பொருளைச் செய்பவன் உயிர், பொருளின் விலையினும் உயர்ந்தது.