உலகக் கணக்கு ஏன் உதைக்கிறது?

எல்லா நாடுகளின் நடப்புக் கணக்கையும் கூட்டினால் பூஜ்யம் வர வேண்டும் என்கிறார் பேராசிரியர். நான் கூட்டினால் வரவில்லை. தப்பு எங்கே?
– கல்லூரி மாணவி, விருதுநகர்

கால்குலேட்டரைத் திட்டாதீர்கள்; யார் கூட்டினாலும் வராது. ஒருவர் வரவு இன்னொருவர் செலவு என்பதால் பேராசிரியர் சொல்வதும் சரிதான். ஆனால் செலவை எழுதுகிறவர்கள் எல்லாரும் வரவை எழுதுவதில்லையே!

1982-ல் உலகமே சேர்ந்து 10,000 கோடி டாலருக்கு மேல் பற்றாக்குறை காட்டியது. சர்வதேச நாணய நிதியம் ஒரு குழு போட்டு, 1987-ல் அறிக்கை வந்தது. வட்டி கொடுத்த நாடு செலவு எழுதியிருந்தது. அதை வாங்கியவர் பணத்தை வெளிநாட்டு வரிப் புகலிடத்தில் போட்டுவிட்டு, சொந்த நாட்டில் மூச்சு விடவில்லை. கப்பல் கூலியிலும் இதே கதை: முதலாளி ஒரு நாடு, கொடி லைபீரியாவோ பனாமாவோ. வாடகை கொடுத்தவர் எழுதினார்; வாங்கியதாக எழுத ஆளில்லை.

2000-களின் நடுவிலிருந்து உலகக் கணக்கு பெரும்பாலும் உபரி காட்டுகிறது. அதுவும் கோளாறுதான்.

தேர்வில் ஒரு நாட்டின் கணக்கைக் கேட்டால், கடைசியில் ‘பிழைகளும் விடுபடல்களும்’ என்ற வரியை மறக்காதீர்கள். இடிக்கும் தொகையை அதில் போட்டுத்தான் ரிசர்வ் வங்கியே கணக்கை நேராக்குகிறது.