மீண்டும் அந்த வகுப்பறைக்கு

நுழையும்முன்

பயின்ற பள்ளியைப் பல்லாண்டுகளுக்குப் பின் காணச் செல்வது தனி இன்பம்; அவ்வின்பத்துள் சிறு துயரும் கலந்திருக்கும். ஒரே ஊரில் ஒரே பள்ளியில் படித்தவர்க்கு அப்பயணம் எளிது. பெற்றோரின் பணிமாற்றத்தால் பள்ளிவிட்டுப் பள்ளி செல்லும் பிள்ளைகள் நாளை எப்பள்ளிக்குத் திரும்புவர்? தீவொன்றில் பிறந்து, கல்விக்காகவும் பணிக்காகவும் ஊர்விட்டு ஊர் சென்ற ஒருவரின் வாழ்க்கை இவ்வினாவிற்கு விடை தருகிறது.

1. தந்தை படித்த பள்ளி

புனே மாநகரின் மேற்கே, முளா ஆற்றை அடுத்து அமைந்துள்ளது பாணேர். வயல்கள் சூழ்ந்த சிற்றூராக இருந்த அவ்விடம், இன்று அடுக்குமாடிக் குடியிருப்புகளும் மென்பொருள் நிறுவனங்களும் நிறைந்த நகர்ப்பகுதியாக விளங்குகிறது. பணியின்பொருட்டு அங்குக் குடியேறிய தமிழ்க் குடும்பங்கள் கோடை விடுமுறை வந்ததும் புனே நிலையத்தில் இரயிலேறிச் சொந்த ஊருக்குப் புறப்படுகின்றன. ஊர் சென்று சேர்ந்த சில நாள்களில், பெரும்பாலான தந்தையர் தம் பிள்ளைகளின் கையைப் பிடித்து அழைத்துச் செல்லும் இடம் ஒன்று உண்டு. அது தாம் படித்த தொடக்கப்பள்ளி.

வாயிலில் நிற்கும் தந்தைக்கு முதலில் தோன்றுவது வியப்பு. கடலெனப் பரந்திருந்த விளையாட்டுத்திடல், இன்று ஒரு முற்றம்போல் காட்சியளிக்கிறது. திடல் சுருங்கவில்லை, அன்று அதனை அளந்த கால்கள் சிறியவை. எட்டாத உயரத்தில் இருந்த சாளரம் இப்போது மார்பளவில் நிற்கிறது. வேப்பமரம் மட்டும் அன்றுபோல் அண்ணாந்து பார்க்கும் உயரத்திலேயே உள்ளது; ஏனெனில், அதுவும் உடன் வளர்ந்திருக்கிறது.

பின்னர் நினைவுகள் ஒவ்வொன்றாய் வருகின்றன. மரக்கிளையில் தொங்கிய தண்டவாளத் துண்டே அன்றைய பள்ளிமணி. அதனை அடிக்கும் உரிமையைப் பெறுவதற்கு மாணவரிடையே பெரும் போட்டி நிலவும். கையில் சிலேட்டும் பலப்பமும் இருக்கும். எழுதியதை அழிக்கக் கோவை இலையைப் பறித்து வருவர். கரும்பலகை வெளுத்துவிட்டால், ஊமத்தை இலையோடு அடுப்புக்கரியைச் சேர்த்து அரைத்துப் பூசுவர். மறுநாள் அதன்மேல் சுண்ணக்கட்டி எழுதும் வெண்மை பளிச்சென்று தெரியும். மஞ்சள் துணிப்பையே புத்தகப்பை. மழை பெய்தால் மரத்தடி வகுப்பு கலைந்து, இரு வகுப்பினரும் ஓரறையில் நெருங்கி அமர்வர்.

தந்தையின் கண்கள் கலங்குகின்றன. உடன் வந்த பிள்ளைக்கோ இவையெல்லாம் கதை. அப்பிள்ளை முதல் வகுப்பை ஓர் ஊரிலும், நான்காம் வகுப்பை வேறோர் ஊரிலும் பயின்று, இப்போது புனேயில் படிக்கிறது. மூன்று பள்ளிகள், மூன்று சீருடைகள், பிரிந்துபோன நண்பர் பலர். திரும்பிச் சென்று நிற்பதற்குத் தனக்கென்று ஒரு வேப்பமரம் இல்லையே என்று அப்பிள்ளை எண்ணுவது இயல்பே. அவ்வெண்ணத்தோடு, நம் நாட்டின் குடியரசுத் தலைவராய் விளங்கிய ஒருவரின் பள்ளி நாள்களுக்குச் செல்வோம்.

2. தீவுப் பள்ளி

ஆவுல் பகீர் ஜைனுலாப்தீன் அப்துல் கலாம் 1931-ஆம் ஆண்டு அக்டோபர் 15-ஆம் நாள் இராமேசுவரத்தில் பிறந்தார். அந்நாளில் அத்தீவை நிலப்பகுதியோடு இணைத்தது பாம்பன் இரயில் பாலம் மட்டுமே. கலாமின் இளமைத் தோழர்கள் இராமநாத சாஸ்திரி, அரவிந்தன், சிவப்பிரகாசன் ஆகிய மூவர். அவர்களுள் இராமநாத சாஸ்திரி, இராமேசுவரம் கோயிலின் தலைமை அர்ச்சகரான இலட்சுமண சாஸ்திரியின் மைந்தர்.

ஐந்தாம் வகுப்பில் தொப்பி அணிந்த கலாமும், பூணூல் அணிந்த இராமநாதரும் முதல் வரிசையில் அருகருகே அமர்வது வழக்கம். புதிதாக வந்த ஆசிரியர் ஒருவர்க்கு அக்காட்சி பொறுக்கவில்லை. அவர் கலாமை எழுப்பிப் பின்வரிசைக்கு அனுப்பினார். கலாம் வருந்தினார். அவர் எழுந்து செல்வதைக் கண்ட இராமநாதரின் கண்களிலிருந்து நீர் பெருகியது.

இருவரும் வீட்டில் நடந்ததைக் கூறினர். இலட்சுமண சாஸ்திரி அவ்வாசிரியரை வரவழைத்தார். பிஞ்சு உள்ளங்களில் வேற்றுமை நஞ்சை விதைக்கலாகாது என்று கண்டித்தார். ஆசிரியர் தம் செயலுக்கு வருந்தியதோடு, நாளடைவில் மனமும் மாறினார். கலாம் மீண்டும் தம் இடத்தில் அமர்ந்தார்.

இந்நிகழ்ச்சியைக் கலாம் முதுமையிலும் மறக்கவில்லை. பழைய பள்ளியின் நினைவு என்றாலே இனிமை மட்டும் என்று எண்ணுதல் தவறு. அங்கே நேர்ந்த காயமும், அதனை ஆற்றிய கையும் சேர்ந்தே நினைவில் நிற்கின்றன.

3. கடற்கரையில் ஒரு பாடம்

அதே பள்ளியில் அறிவியல் கற்பித்தவர் சிவசுப்பிரமணிய ஐயர். ஒருநாள் அவர் கரும்பலகையில் பறவையின் படத்தை வரைந்தார். சிறகு, வால், உடல் ஆகியவற்றைக் குறித்துப் பறவை பறக்கும் முறையை விளக்கினார். பாடம் முடிந்ததும், விளங்கிற்றா என வினவினார். தமக்கு விளங்கவில்லை என்று கலாம் துணிந்து கூறினார். பிற மாணவர் பலரும் அவ்வாறே கூறினர்.

ஆசிரியர் சினம் கொள்ளவில்லை. அன்று மாலையே வகுப்பு முழுவதையும் கடற்கரைக்கு அழைத்துச் சென்றார். கூட்டம் கூட்டமாய்ப் பறந்த கடற்பறவைகளைச் சுட்டிக்காட்டினார். மேலெழும்போது சிறகை எவ்வாறு அடிக்கின்றன, திரும்பும்போது வாலை எவ்வாறு வளைக்கின்றன என்று நேரில் காணச் செய்தார். கரும்பலகையில் விளங்காத பாடம், அலையோரத்தில் விளங்கியது. பறத்தல் தொடர்பான கல்வியே தமக்குரியது என்ற எண்ணம் பத்து வயதுச் சிறுவரான கலாமின் உள்ளத்தில் அன்று வேரூன்றியது.

அவ்வாசிரியர் ஒருநாள் கலாமைத் தம் இல்லத்திற்கு விருந்துண்ண அழைத்தார். பழைய வழக்கத்தில் ஊறிய அவருடைய துணைவியார், வேற்றுச் சமயச் சிறுவனுக்குத் தம் சமையலறையில் உணவு பரிமாற இசையவில்லை. ஆசிரியர் தம் கையாலேயே உணவு பரிமாறி, அருகில் அமர்ந்து தாமும் உண்டார். விடைபெறும் வேளையில், அடுத்த வாரமும் வருமாறு அழைத்தார். கலாம் தயங்கினார், ஆசிரியரின் ஊக்கத்தால் மீண்டும் சென்றார். இம்முறை துணைவியாரே அவரைச் சமையலறைக்குள் அழைத்துச் சென்று உணவளித்தார்.

4. போளியும் பிரிவும்

இரண்டாம் உலகப்போர் முடிவுற்ற காலத்தில், மேற்கல்விக்காகக் கலாம் இராமநாதபுரம் சுவார்ட்ஸ் உயர்நிலைப்பள்ளியில் சேர்ந்தார். இராமேசுவரத்திலிருந்து அந்நகர் சுமார் 55 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. இன்று புனேயிலிருந்து தமிழகத்திற்குள்ள தொலைவோடு ஒப்பிட்டால் அது மிகச் சிறிது. ஆயினும், வீட்டைப் பிரிந்த சிறுவர்க்குத் தொலைவு கிலோமீட்டரில் அளக்கப்படுவதில்லை.

புதிய ஊரில் அவரை வாட்டியது வீட்டு நினைவு. அன்னை ஆசியம்மா செய்யும் போளியின் சுவை அவரை ஊருக்கு இழுத்தது. பன்னிரண்டு வகைப் போளிகளை அவர் அன்னை செய்வாராம். வாய்ப்புக் கிடைக்கும்போதெல்லாம் ஊருக்கு ஓடிவிட அவர் உள்ளம் துடித்தது. ஹோலிப் பண்டிகையன்று மராத்திய வீடுகளில் மணக்கும் புரண்போளியை உண்ணும் பாணேர்ப் பிள்ளைகளுக்கு இவ்வேக்கம் நன்கு விளங்கும். ஊர் மாறினாலும் சில சுவைகள் வழித்துணையாக வந்துவிடுகின்றன.

அப்பள்ளியில் கலாமின் தனிமையைப் போக்கியவர் ஆசிரியர் ஐயாதுரை சாலமோன். விருப்பம், நம்பிக்கை, எதிர்பார்ப்பு ஆகிய மூன்றையும் உணர்ந்து தன்வயப்படுத்தினால் எண்ணியது கைகூடும் என்பது அவர் தந்த அறிவுரை. மற்றொருவர் கணக்காசிரியர் இராமகிருஷ்ண ஐயர். தவறுதலாக அவர் பாடம் நடத்திய வகுப்பினுள் நுழைந்துவிட்ட கலாமை, அனைவர் முன்னும் பிரம்பால் அடித்தார். சில திங்கள் கழித்துக் கணக்கில் கலாம் முழு மதிப்பெண் பெற்றபோது, காலை வழிபாட்டுக் கூட்டத்தில் பள்ளியே கேட்குமாறு அதனை எடுத்துரைத்துப் பாராட்டியவரும் அவரே.

பிறந்த ஊரில் ஒரு பள்ளி, பிரிந்து சென்ற ஊரில் மற்றொரு பள்ளி. கலாமுக்கு இரண்டும் சொந்தமாயின. ஒன்று கனவைத் தந்தது. மற்றொன்று அக்கனவைத் தாங்கும் மனவலிமையைத் தந்தது.

5. புனே வானில் நிறைவேறிய கனவு

சிறுவயதில் கடற்கரையில் முளைத்த கனவு எளிதில் கைகூடவில்லை. விமானவியல் பயின்ற கலாம், விமானப்படையில் சேர விரும்பித் தேராதூனில் நேர்முகத் தேர்வில் கலந்துகொண்டார். அங்கு இருந்த இடங்கள் எட்டு. அவர் பெற்ற நிலையோ ஒன்பது. உள்ளம் உடைந்தாலும் ஊக்கம் உடையவில்லை. விமானியாக இயலாதவர், ஏவூர்தி அறிவியலில் அரும்பணி ஆற்றினார். 1980-ஆம் ஆண்டு ரோகிணி செயற்கைக்கோளை விண்ணில் செலுத்திய எஸ்.எல்.வி.-3 ஏவூர்தித் திட்டத்திற்குத் தலைமை தாங்கினார். 2002-ஆம் ஆண்டு குடியரசுத் தலைவரானார்.

2006-ஆம் ஆண்டு ஜூன் 8-ஆம் நாள். பாணேரிலிருந்து நகரின் மறுபுறத்தே உள்ள லோகேகான் விமானப்படைத் தளத்தில் சுகோய்-30 போர் விமானம் ஆயத்தமாய் நின்றது. விமானியின் உடையணிந்து அதனுள் ஏறி அமர்ந்தவர், 74 வயது நிரம்பிய அப்துல் கலாம். விமானம் அரைமணி நேரத்திற்கும் மேலாக வானில் பறந்து தரையிறங்கியது. போர் விமானத்தில் பறந்த முதல் இந்தியக் குடியரசுத் தலைவர் அவரே. இராமேசுவரத்துக் கடற்கரையில் ஓர் ஆசிரியர் தொடங்கிய பாடம், ஏறத்தாழ 65 ஆண்டுகள் கழித்துப் புனே வானில் நிறைவுற்றது எனலாம்.

6. திரும்பிச் செல்லும் வழி

2007-ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் பதவிக்காலம் முடிந்ததும், கலாம் ஓய்வை நாடவில்லை. ஆசிரியப் பணிக்கே திரும்பினார். பல்வேறு மாநிலங்களில் மாணவரைச் சந்தித்தார். புரியவில்லை என்று துணிந்து கூறிய சிறுவரின் இடத்திலிருந்து புறப்பட்டவர், மாணவரைத் தயங்காமல் வினவச் செய்யும் ஆசிரியரின் இடத்தை அடைந்தார். 2015-ஆம் ஆண்டு ஜூலை 27-ஆம் நாள், சில்லாங்கில் இந்திய மேலாண்மைக் கழக மாணவர்க்கு உரையாற்றிக்கொண்டிருந்தபோது மயங்கிச் சரிந்து உயிர் நீத்தார். ஜூலை 30-ஆம் நாள் அவருடைய உடல் இராமேசுவரத்தில், பேய்க்கரும்பு என்னுமிடத்தில் நல்லடக்கம் செய்யப்பெற்றது.

படித்த பள்ளிக்குத் திரும்பும் வழி ஒன்றன்று. இரயிலேறிச் சென்று வேப்பமரத்தடியில் நிற்பது ஒரு வழி. அங்குப் பெற்றதைப் பிறர்க்கு அளிப்பது மற்றொரு வழி. முதல் வழிக்குச் சொந்த ஊரும் பழைய கட்டடமும் வேண்டும். இரண்டாவது வழி எவ்வூரில் வாழ்வோர்க்கும் திறந்தே உள்ளது. மூன்று பள்ளிகளில் படித்த பிள்ளைக்குத் திரும்பிச் செல்ல ஓர் இடமும் இல்லை என்பதில்லை. கைகோத்து அருகில் அமர்ந்த ஒரு நண்பர், புரியும்வரை கற்பித்த ஓர் ஆசிரியர், இவர்கள் எப்பள்ளியில் இருந்தனரோ அப்பள்ளி அப்பிள்ளையுடையது. புதிதாக வகுப்பில் சேர்ந்து, மொழி புரியாமல் தனித்திருக்கும் மாணவனின் அருகில் இன்று சென்று அமர்பவர், அவன் நாளை நினைத்துப் பார்க்கும் பள்ளியைக் கட்டுகிறார்.

தெரிந்து தெளிவோம்

• பாம்பன் இரயில் பாலம் 1914-ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. சாலைப் பாலம் 1988-ஆம் ஆண்டிலேயே பயன்பாட்டிற்கு வந்தது.
• அடிக்கடி பணிமாற்றம் பெறும் மைய அரசு ஊழியரின் பிள்ளைகளது கல்வி தடைப்படாதிருக்க, 1963-ஆம் ஆண்டு மத்தியப் பள்ளிகள் தொடங்கப்பெற்றன.

சொல்லும் பொருளும்

சாளரம் – சன்னல்
பலப்பம் – சிலேட்டில் எழுதும் குச்சி
சுண்ணக்கட்டி – கரும்பலகையில் எழுதும் வெண்கட்டி
இசையவில்லை – உடன்படவில்லை
திங்கள் – மாதம்
ஏவூர்தி – ராக்கெட்

பயிற்சி

அ. கோடிட்ட இடங்களை நிரப்புக.
1. கலாம் ஐந்தாம் வகுப்பில் ________ அருகில் அமர்ந்தார்.
2. பறவை பறக்கும் முறையை நேரில் காட்டிய ஆசிரியர் ________.
3. கலாம் போர் விமானத்தில் பறந்த தளம் ________.

ஆ. குறுவினா
1. அன்றைய பள்ளியில் கரும்பலகையை எவ்வாறு கருமையாக்கினர்?
2. இராமநாதபுரத்தில் பயின்றபோது கலாமை ஊர்ப்பக்கம் இழுத்தது எது?
3. ‘திடல் சுருங்கவில்லை’ எனக் கூறப்படுவதன் காரணம் யாது?

இ. சிறுவினா
1. இலட்சுமண சாஸ்திரியின் செயலையும் சிவசுப்பிரமணிய ஐயரின் செயலையும் ஒப்பிட்டு எழுதுக.
2. ‘காயமும், அதனை ஆற்றிய கையும்’ – இத்தொடரைப் பாடப்பகுதி கொண்டு விளக்குக.

ஈ. மொழிப்பயிற்சி
1. பிரித்து எழுதுக: கடற்கரை = கடல் + கரை. இவ்வாறே ‘கடற்பறவை’, ‘வேப்பமரம்’ ஆகியவற்றைப் பிரித்து எழுதுக.
2. ‘கரும்பலகை’ – பண்புத்தொகை. இத்தொகைக்கு வேறு இரண்டு சான்றுகள் தருக.
3. தமிழிலும் மராத்தியிலும் ஒத்து ஒலிக்கும் உணவுப் பெயர்கள் மூன்றனைத் தொகுக்க.

உ. செயல்திட்டம்
தந்தை, தாய், தாத்தா, பாட்டி ஆகியோருள் ஒருவரிடம் அவர் படித்த தொடக்கப்பள்ளியைப் பற்றிக் கேட்டறிக. பள்ளிமணி, எழுதுபொருள், நண்பகல் உணவு, மறக்கவியலாத ஆசிரியர் ஆகிய நான்கு தலைப்புகளில் தமிழில் ஒரு பக்க அளவில் எழுதுக. அதனை அவரிடமே படித்துக் காட்டுக.