சரியாத்தான் அடிக்கிறேன், சார்

ஆள் பக்கத்தில் இல்லாமல் தானாக ஓடும் இன்ஸ்டாலேஷனில் கோளாறுகளுக்குப் பஞ்சமில்லை. வட்டைப் பிரிக்கும் இடத்தில் நிற்கும், நெட்வொர்க் கார்டு தெரியவில்லை என்னும், பாதி ராத்திரியில் ஏதோ ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கும். இவை எல்லாம் திரையிலேயே தெரிந்துவிடும். கடவுச்சொல் கோளாறு அப்படித் தெரியாது. இன்ஸ்டாலேஷன் ஒரு பிழையும் காட்டாமல் முடியும், மெஷின் தானே ரீபூட் ஆகும், லாகின் கேட்கும். கொடுத்தால் "லாகின் இன்கரெக்ட்". அதற்கு மேல் ஒரு வார்த்தை வராது. வரக் கூடாது என்றுதான் அதை அப்படி அமைத்திருக்கிறார்கள். பயனர் பெயர் தப்பா, கடவுச்சொல் தப்பா, கணக்கே பூட்டியிருக்கிறதா என்று சொன்னால் வெளியாளுக்குத் துப்புக் கொடுத்ததாகிவிடும். நமக்கும் துப்புக் கிடைக்காமல் போவது அதன் விலை.

கல்லூரி லேப்களுக்கும் சிறிய அலுவலகங்களுக்கும் லினக்ஸ் ஏற்றித் தருவது என் தொழில். என்னோடு வரும் பையன்கள் எல்லாரும் இந்தத் திரையின் முன் ஒரே வாக்கியத்தைத்தான் சொல்வார்கள்: "சரியாத்தான் அடிக்கிறேன், சார்." நான் நம்புவேன். பெரும்பாலும் அவர்கள் சரியாகத்தான் அடிக்கிறார்கள். அதனால்தான் முதல் வேலையாக, மறுபடி மறுபடி அடிப்பதை நிறுத்தச் சொல்கிறேன். ரெட்ஹேட் குடும்பத்து லினக்ஸ்களில் ஃபெயில்லாக் என்றொரு காவல் உண்டு. அது இயக்கத்தில் இருந்து, யாரும் அளவுகளை மாற்றாமல் விட்டிருந்தால், 15 நிமிடத்துக்குள் 3 தடவை தப்பானதும் கணக்கை 10 நிமிடம் பூட்டிவிடும். அந்த நேரத்தில் சரியான கடவுச்சொல்லைக் கொடுத்தாலும் பதில் அதேதான். முதலில் இருந்தது ஒரு கோளாறு. அடித்து அடித்து இரண்டாக்கிக்கொள்கிறோம்.

பார்க்க வேண்டிய இடம் வட்டு. லைவ் யூஎஸ்பியில் மெஷினைக் கிளப்பி, நிறுவிய பார்ட்டிஷனை மவுண்ட் செய்து, கடவுச்சொல் விவரங்கள் இருக்கும் ஷேடோ கோப்பைத் திறங்கள். ஒவ்வொரு வரியிலும் பயனர் பெயருக்கு அடுத்து முதல் முக்காற்புள்ளிக்கும் இரண்டாவதற்கும் இடையில் இருப்பதுதான் கடவுச்சொல்லின் ஹேஷ், அதாவது திருப்பிப் படிக்க முடியாதபடி உருமாற்றிய வடிவம். கதையில் பாதி அங்கேயே தெரிந்துவிடும்.

அந்த இடம் ஆச்சரியக்குறியில் தொடங்கினால் கணக்கு பூட்டியிருக்கிறது. வெறும் நட்சத்திரக் குறி இருந்தால் அந்தக் கணக்குக்குக் கடவுச்சொல் வழியே கிடையாது. முதல் பூட்டில் மெஷினை அமைக்கும் கிளவுட்-இனிட் வழியாகப் பயனரை உருவாக்கும்போது இது அடிக்கடி நடக்கும். பூட்டாதே என்று தனியாகச் சொல்லாவிட்டால் அது பூட்டித்தான் வைக்கும்.

நீங்கள் நினைத்த கடவுச்சொல்லே அங்கே அப்படியே உட்கார்ந்திருந்தால், ஹேஷ் எதிர்பார்க்கும் இடத்தில் வெறும் எழுத்தைக் கொடுத்திருக்கிறீர்கள். உபுண்டுவின் ஆட்டோஇன்ஸ்டால் கோப்பில் அடையாளப் பகுதியில் வரும் கடவுச்சொல் ஹேஷாகத்தான் இருக்க வேண்டும். ரெட்ஹேட் குடும்பத்தின் கிக்ஸ்டார்ட் கோப்பில் இரண்டும் செல்லும், எது என்பதை நாம்தான் அறிவிக்க வேண்டும். ஹேஷ் என்று அறிவித்துவிட்டு வெறும் எழுத்தைக் கொடுத்தால் அது அப்படியே ஷேடோவுக்குப் போய்விடும், எந்தக் கடவுச்சொல்லும் அதோடு பொருந்தாது. 128 எழுத்து நீளத்துக்கு 0 முதல் 9 வரையும் ஆங்கில முதல் ஆறு எழுத்துகளும் மட்டும் தெரிந்தால், கோப்புகளைச் சரிபார்க்கும் கட்டளையால் ஹேஷ் எடுத்திருக்கிறார்கள். பெயரில் அதுவும் லாகின் ஹேஷும் ஷா-512தான். ஆனால் லாகினுக்கு வேண்டியது உப்பு என்னும் தற்செயல் எழுத்துகளைச் சேர்த்து ஆயிரக்கணக்கான சுற்று ஓட்டிய வேறொரு வடிவம், அது $6$ என்று தொடங்கும்.

இனி நான் அதிகம் பார்த்த கோளாறு. ஷேடோவில் ஏதோ இருக்கிறது, ஹேஷ் மாதிரிதான் தெரிகிறது, ஆனால் முன்பகுதியைக் காணோம். ஒரு லேபில் நாற்பது மெஷினுக்கு நாற்பது ஹோஸ்ட்நேம் வேண்டும் என்பதால், இன்ஸ்டாலரின் கேள்விகளுக்குப் பதில் சொல்லும் விடைக்கோப்பைக் கையால் எழுதாமல் ஒரு ஷெல் ஸ்கிரிப்டில் உருவாக்குவோம். ஷெல்லுக்கு டாலர் குறி என்றால் மாறி. $6 என்பதை ஸ்கிரிப்டுக்கு வந்த ஆறாவது மதிப்பு என்று எடுத்துக்கொள்ளும். அப்படி ஒன்று வந்திருக்காது, ஆகவே வெற்றிடம். அடுத்த டாலரை ஒட்டியிருக்கும் உப்பையும் ஒரு மாறியின் பெயர் என்று நினைக்கும், அதுவும் வெற்றிடம். மூன்றாவது டாலருக்குப் பின் வரும் ஹேஷையும் புள்ளியோ சாய்கோடோ வரும் வரை தின்றுவிடும். மீதம் இருக்கும் வால்தான் வட்டுக்குப் போகிறது. அந்த வால் புள்ளியிலோ சாய்கோட்டிலோ தொடங்கினால் குற்றவாளி ஷெல்தான், வேறு விசாரணை வேண்டாம். டாலருக்கு அடுத்து எண் வந்திருந்தால் அந்த ஒரு இலக்கத்தோடு நிறுத்திக்கொள்ளும். மெஷினுக்கு ஓர் உப்பு போட்டிருந்தால் ஒவ்வொன்றிலும் வால் ஒவ்வொரு நீளத்தில் இருக்கும், பார்ப்பவருக்குத் தலை சுற்றும்.

பரிகாரம் சின்னது. ஹேஷை ஒற்றை மேற்கோளுக்குள் வையுங்கள். ஸ்கிரிப்டுக்குள்ளேயே கோப்பின் உரையை எழுதுகிறீர்கள் என்றால், முடிவைக் குறிக்கும் சொல்லை மேற்கோளுக்குள் போடுங்கள், உள்ளே இருக்கும் டாலர்களை ஷெல் தொடாது. மேக்ஃபைல், டாக்கர் கம்போஸ் ஆகியவற்றில் ஒரு டாலர் வேண்டுமென்றால் இரண்டாக எழுத வேண்டும். இதற்கெல்லாம் மேல், கடைசி டாலருக்குப் பின்னால் சரியாக 86 எழுத்து இருக்கிறதா என்று எண்ணும் ஒரு வரியை ஸ்கிரிப்டின் முடிவில் சேர்த்து வைத்திருக்கிறேன். ஷா-512 லாகின் ஹேஷ் எப்போதும் 86தான். ஒன்று குறைந்தாலும் கோப்பு வெளியே போகாது.

டெபியனின் ப்ரீசீட் கோப்பில் கண்ணுக்குத் தெரியாத வேறொரு குழி உண்டு. கேள்வி வகைக்கும் விடைக்கும் நடுவே ஒரே ஓர் இடைவெளிதான் விட வேண்டும். அழகுக்காக நெடுவரிசையைச் சீராக்கி இரண்டு மூன்று விட்டால், மிச்ச இடைவெளிகள் விடையின் பகுதியாகிவிடும். கடவுச்சொல்லுக்கு முன்னால் இரண்டு வெற்றிடம் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று யாருக்குத் தோன்றும்? விண்டோஸ் நோட்பேடில் புதிதாக எழுதிய கோப்பும் இதே ரகம். வரி முடிவில் அது கூடுதலாக வைக்கும் குறி சில இடங்களில் ஹேஷோடு ஒட்டிக்கொள்ளும்.

ஹேஷ் முழுசாக, அழகாக இருந்தும் வேலை செய்யாத சந்தர்ப்பம் ஒன்றும் இருக்கிறது. 2021இல் வந்த டெபியன் 11 முதல், உபுண்டுவில் 22.04 முதல், கடவுச்சொல்லை யெஸ்கிரிப்ட் என்ற புது முறையில் ஹேஷ் செய்கிறார்கள். அதில் 6 இருக்கும் இடத்தில் ஆங்கில ஒய் எழுத்து இருக்கும். புது மெஷினின் ஷேடோவில் இருந்து அதை நகலெடுத்து சென்ட்ஓஎஸ் 7இன் கிக்ஸ்டார்ட்டில் ஒட்டினால், அந்தப் பழைய நூலகத்துக்கு அது புரியாது. சென்ட்ஓஎஸ் 7இன் ஆயுள் 2024 ஜூன் 30 அன்றே முடிந்துவிட்டது. ஆனாலும் ஏதாவது ஒரு பழைய மென்பொருளுக்காக அதைக் கட்டிக்கொண்டு அழும் லேப்கள் இன்னும் இருக்கின்றன. பழசும் புதுசும் கலந்த இடத்தில் $6$ஐத் தாண்டிப் போகாதீர்கள்.

வட்டில் இருப்பது சரிதானா என்று தீர்மானமாகச் சொல்ல ஒரு வழி இருக்கிறது. ஷேடோவில் இருக்கும் உப்பை எடுத்து, அதே உப்போடு அதே கடவுச்சொல்லை ஓப்பன்எஸ்எஸ்எல் கட்டளையில் இன்னொரு முறை ஹேஷ் செய்யுங்கள். எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போனால் வட்டின் மேல் பழியில்லை. இனி விசைப்பலகையும் வாசலும்தான் பாக்கி.

விசைப்பலகையில் நம் ஊருக்கென்றே ஒரு வம்பு. இந்தியாவில் இருக்கிறோம் என்று விடைக்கோப்பில் விசைப்பலகைக்கு இந்தியாவின் ஈரெழுத்துக் குறியை மட்டும் எழுதுவார்கள். லினக்ஸின் பட்டியலில் அந்தக் குறி தனியாக நின்றால் தேவநாகரி என்று பொருள். ஆங்கிலம் வேண்டுமென்றால் அதற்குரிய உட்பிரிவையும் சேர்த்துச் சொல்ல வேண்டும், இல்லையேல் பேசாமல் அமெரிக்க விசைப்பலகை என்று எழுதிவிட வேண்டும். பிரிட்டிஷ் அமைப்பு வந்துவிட்டால் அட் குறியும் இரட்டை மேற்கோளும் இடம் மாறியிருக்கும், ஜெர்மன் அமைப்பில் ஒய்யும் இசட்டும். கடவுச்சொல் இடத்தில் அடிப்பது தெரியாதே என்று கவலை வேண்டாம், பயனர் பெயர் கேட்கும் இடத்தில் அடித்துப் பாருங்கள், அப்படியே தெரியும். எண்டர் மட்டும் தட்டிவிடாதீர்கள், அழித்துவிடுங்கள். தட்டினால் உங்கள் கடவுச்சொல் தோல்வியுற்ற பயனர் பெயராக லாகில் பதிவாகிவிடக் கூடும்.

இதற்காகவே முதல் கடவுச்சொல்லைச் சின்ன எழுத்துகளாலும் எண்களாலும் மட்டும் நீளமாக வைக்கிறேன். குறிகளும் ஒய்யும் இசட்டும் வேண்டாம். தொலைவில் இருந்து திறக்கும் கன்சோல்களில் ஒட்டும்போது பெரிய எழுத்தும் குறிகளும் மாறிப்போவதுண்டு, அந்தத் தொல்லையும் இதனால் தவிரும். தமிழில் கடவுச்சொல் வைத்தால் என்ன என்று ஆர்வமாகக் கேட்பவர்கள் உண்டு. 'கொ' என்ற ஒற்றை எழுத்தையே யூனிகோடில் இரண்டு விதமாகச் சேமிக்கலாம்: ஒகரக் குறியை ஒரே குறியீடாக வைக்கலாம், அல்லது கொம்பும் காலுமாகப் பிரித்து வைக்கலாம். கண்ணுக்கு ஒன்று, ஹேஷுக்கு வேறு வேறு. ஆசை இருந்தால் லாகின் தவிர வேறெங்காவது தீர்த்துக்கொள்ளலாம்.

வாசல் என்று நான் சொன்னது எஸ்எஸ்ஹெச். நேரில் கன்சோலில் நுழைய முடிந்து எஸ்எஸ்ஹெச்சில் மட்டும் மறுத்தால், கடவுச்சொல்லைச் சந்தேகிப்பதில் அர்த்தமே இல்லை. 2015இல் வந்த ஓப்பன்எஸ்எஸ்ஹெச் 7.0 முதல், ரூட் கணக்கு கடவுச்சொல்லோடு எஸ்எஸ்ஹெச் வழி வருவதை இயல்பிலேயே தடுத்திருக்கிறார்கள். ரெட்ஹேட் 9இல் கிக்ஸ்டார்ட்டில் தனி அனுமதி எழுதினால்தான் விடும். உபுண்டு ஆட்டோஇன்ஸ்டாலில் எஸ்எஸ்ஹெச் சாவி ஒன்றைக் கொடுத்தாலே போதும், கடவுச்சொல் வழி தானாக மூடிக்கொள்ளும். திறந்திருக்க வேண்டுமென்றால் அதையும் சொல்ல வேண்டும். எஸ்எஸ்ஹெச் அமைப்புக்காகக் கிளவுட்-இனிட் எழுதி வைக்கும் துணைக் கோப்பில் ஒன்றும், முதன்மைக் கோப்பில் வேறொன்றும் இருந்தால், முதலில் படிக்கப்படுவதுதான் செல்லும். உபுண்டுவில் துணைக் கோப்பு முதலில் படிக்கப்படும். முதன்மைக் கோப்பைத் திருத்தித் திருத்திச் சலித்தவர்கள் ஏராளம்.

விண்டோஸ் என் பிரதான வேலையல்ல, ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். அதன் விடைக்கோப்பில் கடவுச்சொல் மறைக்கப்பட்டதுபோல் தெரியும், அது வெறும் பேஸ்64 மாற்றம்தான். மாற்றுவதற்கு முன், சாதாரணப் பயனர் கணக்கின் கடவுச்சொல்லுக்குப் பின்னால் 'பாஸ்வேர்டு' என்ற ஆங்கிலச் சொல்லை ஒட்ட வேண்டும், எழுத்து வடிவம் யூடிஎஃப்-16 ஆக இருக்க வேண்டும். இது தெரியாமல் இணையத்தில் மாற்றி ஒட்டியவர்களுக்கு லாகின் கிடைக்காது. தெரிந்த எவரும் ஒரு நொடியில் அவிழ்த்துவிடுவார் என்பதால் அதைப் பாதுகாப்பு என்றும் நினைக்க வேண்டாம்.

கோளாறு பிடிபட்டதும் மெஷினைச் சரிசெய்யும் முன் விடைக்கோப்பைச் சரிசெய்யுங்கள், அடுத்த மெஷின் அதைப் படிக்கக் காத்திருக்கிறது. பிறகு மீட்புச் சூழலில் கடவுச்சொல்லை மாற்றலாம். ரெட்ஹேட் குடும்பத்தில் அப்படி மாற்றிவிட்டு உடனே ரீபூட் செய்தால் லாகின் மறுபடி மறுக்கும், ஏனென்றால் ஷேடோ கோப்பின் எஸ்இலினக்ஸ் லேபிள் கெட்டிருக்கும். ரூட் அடைவில் ஆட்டோரீலேபிள் என்ற பெயரில், முன்னால் புள்ளி வைத்து, ஒரு வெற்றுக் கோப்பை உருவாக்கிவிட்டு ரீபூட் செய்யுங்கள். வட்டு பெரிதாக இருந்தால் லேபிள் போட்டு முடிய நேரம் பிடிக்கும். மெஷின் தொங்கிவிட்டது என்று நினைத்து நடுவில் பவரை அணைத்துவிடாதீர்கள்.