குறை சொல்பவரைக் குறித்துக்கொள்

அன்புள்ள மகளுக்கு,

ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருத்துவ அலுவலராகப் பொறுப்பேற்கப் போகிறாய். வாழ்த்துகள். மருந்தாளுநராக இருந்து ஓய்வு பெற்றவன் என்ற உரிமையில் சிலவற்றைச் சொல்கிறேன். டாக்டரிடம் சொல்லாததை ஜனங்கள் மருந்து ஜன்னலில் வந்து கொட்டிவிடுவார்கள். "தொட்டுக்கூடப் பாக்கல", "எல்லாருக்கும் அதே வெள்ளை மாத்திரைதான்", "ஊசியே போடல". நான் அதிகம் கேட்ட புகார்கள் இவைதான்.

1994-இல் தொடங்கிய தமிழ்நாடு மருத்துவ சேவைக் கழகம் மருந்துகளை டெண்டர் விட்டு மொத்தமாக வாங்கி, மாதிரி எடுத்து ஆய்வகத்தில் சோதித்துத்தான் அனுப்புகிறது. இது உனக்குத் தெரியும். வரிசையில் நிற்பவருக்கு எப்படித் தெரியும்? நீ நிமிர்ந்து பார்த்தாயா, ஸ்டெத்தை வைத்தாயா, என்ன நோய் என்று சொன்னாயா என்பதை வைத்துத்தான் அவர் வைத்தியத்தை எடைபோடுவார். அதை அறியாமை என்று தள்ளாதே.

நோயாளி பேசத் தொடங்கிச் சராசரியாக 18 விநாடிகளில் மருத்துவர் குறுக்கிட்டுவிடுகிறார் என்று 1984-இல் அமெரிக்காவில் பெக்மன், பிராங்கல் என்ற ஆய்வாளர்கள் கண்டார்கள். ஓ.பி. வரிசை வராந்தா வரை நீளும்போது உனக்கும் அந்த அவசரம் வரும். இருந்தாலும் அவர் சொல்ல வந்ததைச் சொல்லி முடிக்கட்டும். ஊசி கேட்பவரிடம் "வேண்டாம்" என்று மட்டும் சொன்னால், வெளியே காசு கொடுத்துப் போட்டுக்கொள்வார். ஏன் வேண்டாம், காய்ச்சல் இறங்காவிட்டால் எப்போது திரும்ப வர வேண்டும் என்று சேர்த்துச் சொல். சுகர், பிரஷர்காரர்களுக்கு இது இன்னும் முக்கியம். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் 2021 முதல் மாத்திரை வீட்டுக்கே போகிறது. அதை விழுங்குவதும் டப்பாவில் சேர்த்து வைப்பதும் உன்மேல் உள்ள நம்பிக்கையைப் பொறுத்தது.

குறையே சொல்லாதவரைப் பற்றித்தான் நீ அதிகம் கவலைப்பட வேண்டும். "இலவசமாக் குடுக்கறாங்க, இதுக்கு மேல என்ன கேக்கறது?" என்று நினைப்பவர், யார் கருத்துக் கேட்டாலும் 'திருப்தி' என்றே சொல்வார். எதிர்பார்ப்பே தேய்ந்துபோனவரின் திருப்தியை வைத்து உன் வேலைக்கு நீயே மதிப்பெண் போட்டுக்கொள்ளாதே. கழிப்பறையில் தண்ணீர் இல்லை, சாயங்காலம் வந்தால் டாக்டர் இல்லை என்று சண்டைக்கு வருபவர்தான் அந்த இடத்தைத் தன்னுடையதாக நினைக்கிறார். அவரைப் பகைத்துக்கொள்ளாதே, சொன்னதைக் குறித்துக்கொண்டு, சரிசெய்ததும் அவருக்குத் தெரியப்படுத்து.

நம் ஆஸ்பத்திரி ஜனங்களின் வரிப்பணத்தில் நடக்கிறது. கூச்சமில்லாமல் கேட்க அவர்களைப் பழக்கு.

அன்புடன்,
பெரியப்பா