சீந்தில் கொடியும் நோய் எதிர்ப்பு அணுக்களும்

சீந்தில் கொடியை வெட்டி மரக்கிளையில் தொங்கவிட்டாலும் அது எளிதில் பட்டுப்போவதில்லை. காற்றிலேயே விழுது விட்டு மீண்டும் துளிர்க்கும். இதனாலேயே போலும், வடமொழி மருத்துவ நூல்கள் அதனை ‘அம்ருதா’ என்றும் ‘குடூசி’ என்றும் வழங்கின. இந்தி பேசும் பகுதிகளில் அதன் பெயர் ‘கிலோய்’. காய்ச்சலுக்கும் காமாலைக்கும் அதன் தண்டு நெடுங்காலமாகப் பயன்பட்டு வருகிறது.

இம்மூலிகை ஆக்சிஜனேற்றத்தைத் தடுப்பதால் நோய் எதிர்ப்பாற்றலைப் பெருக்குகிறது என்று ஒரே மூச்சில் கூறப்படுவதுண்டு. இவ்விரண்டும் ஒன்றல்ல. இரத்தத்திலுள்ள நியூட்ரோஃபில்களும் திசுக்களிலுள்ள மேக்ரோஃபேஜ்களும் கிருமிகளை விழுங்கும் அணுக்களாகும். கிருமியை உட்கொண்டதும் இவை ஆக்சிஜனை மிகுதியாக உறிஞ்சி, சூப்பர் ஆக்சைடு, ஹைட்ரஜன் பெராக்சைடு போன்ற வீரியமிக்க பொருள்களை உண்டாக்கி அதனை அழிக்கின்றன. இவற்றை ஆக்கும் நொதி பிறவியிலேயே பழுதுபட்ட குழந்தைகளைக் கடும் தொற்றுகள் திரும்பத் திரும்பத் தாக்குகின்றன. ஆகவே ஆக்சிஜனேற்றம் இங்கே ஓர் ஆயுதம். அதனை முற்றிலும் அடக்குவது உடலுக்கு நன்மையாகாது. ஆனால் இந்த ஆயுதம் அளவு மீறினால் அணுவின் சவ்வையும் அருகிலுள்ள திசுவையும் சிதைத்துவிடும். குளூட்டாதயோன், கேட்டலேஸ் முதலியவை அதற்குக் காப்பாக அமைந்துள்ளன. தேவைப்படுவது இரண்டிற்கும் இடையிலான சமநிலையே.

சீந்தில் பற்றிய ஆராய்ச்சிகளை இப்பின்னணியில் நோக்க வேண்டும். மும்பையில் கே.இ.எம். மருத்துவமனையைச் சார்ந்த ஆய்வாளர்கள், பித்தநாள அடைப்பால் காமாலையுற்ற 30 நோயாளிகளிடம் நடத்திய ஆய்வை 1993ஆம் ஆண்டு வெளியிட்டனர். வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்ற பிரிவினருள் பாதிப்பேருக்கு இரத்தத்தில் கிருமித்தொற்று கண்டது. சீந்திலும் சேர்த்து உண்ட பிரிவினருள் எவருக்கும் காணவில்லை. விழுங்கும் அணுக்களின் செயல்திறனும் பின்னவரிடம் உயர்ந்திருந்தது. எண்ணிக்கை சிறியதாயினும், மனிதரிடமே கண்ட முடிவு என்பதால் இதற்குத் தனி மதிப்புண்டு. பாபா அணு ஆராய்ச்சி மையத்தினர் இத்தண்டிலிருந்து அராபினோகாலக்டன் என்னும் பல்சர்க்கரையைப் பிரித்தெடுத்து, அது எதிர்ப்பு அணுக்களைத் தூண்டுவதையும் ஆக்சிஜனேற்றக் கேட்டைக் குறைப்பதையும் தனித்தனியே காட்டினர்.

மாணவர்கள் ஈண்டு ஒன்றைக் கருத வேண்டும். பாக்டீரியாக்களின் மேலுறையிலுள்ள நச்சுப்பொருள் மிகச் சிறிதளவு கலந்திருந்தாலே மேக்ரோஃபேஜ்கள் கிளர்ந்தெழும். மூலிகைச் சாறு அத்தகைய கலப்பற்றது என்று மெய்ப்பிக்காத சோதனை, மூலிகையைப் பற்றி எதனையும் மெய்ப்பிப்பதாகாது. அவ்வாறே, சோதனைக் குழாயில் சாயம் வெளுப்பதைக் கொண்டு கணிக்கும் ஆக்சிஜனேற்றத் தடுப்பு, குடலையும் கல்லீரலையும் கடந்த பின்னரும் எஞ்சும் என்பதற்கு உறுதியில்லை.

கோவிட் பரவிய 2020ஆம் ஆண்டில் மக்கள் சீந்திலைத் தாமாகவே காய்ச்சிப் பருகினர். அவ்வாண்டின் பிற்பகுதியில் மும்பையில் 6 பேருக்குக் கல்லீரல் பழுதுற்றதாக மருத்துவர்கள் 2021இல் அறிவித்தனர். மறு ஆண்டு வெளிவந்த மற்றோர் ஆய்வு, நாட்டின் 13 மையங்களில் இத்தகைய 43 நோயாளிகளைப் பதிவு செய்தது. பலரிடம் காணப்பட்டது, உடலின் எதிர்ப்பு அணுக்கள் தன் கல்லீரலையே தாக்கும் நோயின் சாயல். எதிர்ப்பாற்றலைத் தூண்டும் பொருள், அவ்வாற்றல் ஏற்கெனவே தடம் மாறியவரிடம் கேடு விளைவிப்பது வியப்பன்று. ஆயுஷ் அமைச்சகமோ, மூலிகை சரிவர அடையாளம் காணப்படவில்லை என்று மறுத்தது.

இம்மறுப்பையும் புறக்கணிப்பதற்கில்லை. இதே இனத்தைச் சேர்ந்த டினோஸ்போரா கிரிஸ்பா என்னும் கொடி பார்வைக்குச் சீந்திலை ஒத்தது. அதன் முதிர்ந்த தண்டில் மருக்கள் போன்ற புடைப்புகள் செறிந்திருக்கும். அதுவும் கல்லீரலுக்குக் கேடு செய்ததாக அறியப்பட்டதே. உலர்த்திப் பொடித்தபின் இரண்டையும் கண்ணால் பிரித்தறிய இயலாது. எனவே கொள்முதல் நிலையிலேயே, தண்டு முழுதாக இருக்கும்போது தாவரவியல் சோதனை நடைபெற வேண்டும். தாவரத்தின் அறிவியற் பெயரும், கல்லீரல் நோயுடையோரும் தன்னெதிர்ப்பு நோயுடையோரும் மருத்துவரைக் கேளாமல் உட்கொள்ளலாகாது என்ற எச்சரிக்கையும் சிப்பத்தின் மேல் இடம்பெற வேண்டும்.