துடிப்பைக் கண்ணால் பார்

அன்புள்ள தம்பி,

எந்த வேகத்தில் ஒளி எவ்வளவு துடிக்கிறது என்று நீ அனுப்பிய பவர் ஸ்பெக்ட்ரம் கிடைத்தது. அதிலுள்ள மேடு அழகாகத்தான் இருக்கிறது. நேரத்தோடு ஒளி ஏறி இறங்குவதைக் காட்டும் எந்த லைட் கர்விலிருந்து அதை எடுத்தாய்? அந்தப் படத்தைக் காணோமே.

உன் வயதில் நானும் இப்படித்தான். ஒரு கருந்துளையின் ஒளி சுமார் 96 நிமிடத்துக்கு ஒருமுறை ஏறி இறங்குவதைக் 'கண்டுபிடித்து' இரண்டு நாள் தூங்கவில்லை. ஆர்எக்ஸ்டிஇ செயற்கைக்கோள் பூமியைச் சுற்றிவர ஆகும் நேரம் அது! பூமி குறுக்கே வந்து மறைத்ததைக் கருந்துளையின் தலையில் கட்டியிருந்தேன். லைட் கர்வை ஒருமுறை விரித்துப் பார்த்திருந்தால் அந்த மானக்கேடு நேர்ந்திருக்காது.

ஆகவே, உன் கருந்துளையான ஜிஆர்எஸ் 1915+105-இன் லைட் கர்வை ஒரு விநாடி இடைவெளியில் வரைந்து, திரை முழுக்கப் பரப்பு. 'ரோ' வகை நாளாக இருந்தால் ஈசிஜி தாளேதான்: மெல்ல ஏறும், கூராக நிமிரும், சட்டென்று விழும். ஏறக்குறைய நிமிடத்துக்கு ஒன்று. ஒரு துடிப்பு கொஞ்சம் முந்தும், அடுத்தது கொஞ்சம் பிந்தும். சராசரி எடுத்தால் முதலில் தொலைவது அந்தக் கொஞ்சம்தான். டொமாசோ பெல்லோனி குழு 2000-இல் இந்த ஒரே பொருளின் போக்கை 12 வகையாகப் பிரித்தது என்றால், அத்தனை படங்களையும் உட்கார்ந்து பார்த்ததால்தான்.

துடிப்பின் காரணத்தைப் பாடநூலில் படித்திருப்பாய். கருந்துளையைச் சுற்றும் வாயு வட்டின் உட்பகுதியில் கதிர்வீச்சின் அழுத்தம் வாயுவின் அழுத்தத்தை மிஞ்சினால் வட்டு நிலையாக நிற்காது என்று லைட்மனும் ஏர்ட்லியும் 1974-இல் கணக்கிட்டார்கள். சூடு சற்றே கூடினால் குளிர்வது அதற்கு ஈடுகொடுக்காது. உட்பகுதி வேகமாகக் காலியாகி, வெளியிலிருந்து மெல்ல நிரம்பி, மறுபடி பொங்கும்.

நல்ல கதை. ஆனால் பிரகாசம் கூடக் கதிர்வீச்சின் அழுத்தமும் கூடும் என்ற இதே கணக்குப்படி, பிரகாசமான மற்றக் கருந்துளைகளும் துடிக்க வேண்டுமே? பெரும்பாலானவை கல்லாக நிற்கின்றன. 2011-இல் ஐஜிஆர் ஜே17091-3624 என்ற இன்னொரு பொருள் இதே சாயலில் துடித்தது. அதுவோ நம் கண்ணுக்குப் பல மடங்கு மங்கல். ஒன்று அது வெகு தொலைவில் இருக்க வேண்டும், அல்லது நிறை மிகக் குறைவாக இருக்க வேண்டும், அல்லது பிரகாசம்தான் காரணம் என்பதை நாம் திருத்த வேண்டும். மற்ற வட்டுகளைக் காந்தப்புலம் முட்டுக்கொடுத்துத் தாங்குகிறது என்பது என் சாய்வு. உன் மேட்டை அதற்குச் சாட்சியாக நான் ஏற்க மாட்டேன்.

1992 முதல் எரிந்த ஜிஆர்எஸ் 1915+105 2018-இல் மங்கிவிட்டது. அஸ்ட்ரோசாட் செயற்கைக்கோளின் லாக்ஸ்பிசி கருவி அதற்கு முன் பதிந்த தரவு உன் கையில் இருக்கிறது. அடுத்த கடிதத்தில் மேடு வேண்டாம். ஆயிரம் விநாடி லைட் கர்வை அச்செடுத்து, எந்தத் துடிப்பு பிந்தியது என்று பென்சிலால் குறித்து அனுப்பு.

அன்புடன்,
அண்ணன்